போர்வை சூடு தராது

"டீச்சர், ஓணானுக்குக் கம்பளி போர்த்திவிட்டாக் குளிர் தாங்குமா?"

கீழ்வீட்டு அக்கா இதைக் கேட்டபோது நான் இஞ்சி டீயை வடிகட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் குடும்பம் டொராண்டோ நகரத்து ஸ்கார்பரோவில் இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை அக்கா அங்கே போய்த் தங்கப்போகிறார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். பகலெல்லாம் வீட்டில் இருக்கப்போவது அக்காவும், பேரன் ஆசையாக வளர்க்கும் ஒரு பியர்டட் டிராகனும்தான். "பாட்டி, நான் வர்ற வரைக்கும் அது குளிர்ல விறைச்சுடாமப் பாத்துக்கோங்க" என்று வீடியோ காலில் சொல்லியிருக்கிறான். அக்கா அதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டு, நீல நூலில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு பின்னிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நான் முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். அக்காவின் கேள்வி ரொம்பச் சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், குளிர் நாட்டில் இந்தப் பிராணியை வளர்ப்பதில் பாதி தெரிந்த மாதிரி. உட்காரச் சொல்லி டம்ளரில் டீயை ஊற்றிக் கொடுத்தேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மேஜை மேல் இருந்த பிளாஸ்க்கைக் காட்டினேன். "அக்கா, இதுல பச்சைத்தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க மூடி வெச்சா, காலையில சுடுதண்ணியா இருக்குமா?"

"அதெப்படி? என்ன ஊத்தினோமோ அதுதானே இருக்கும்."

"கம்பளியும் அப்படித்தான். உள்ளே இருக்கற சூட்டைக் காப்பாத்தும். இல்லாத சூட்டை உண்டாக்காது."

நாம் சாப்பிடுவதில் பெரும் பங்கை உடம்பு எரித்துச் சூடாக்கிக்கொள்கிறது. அக்னி நட்சத்திரத்திலும் சரி, மார்கழி விடியலிலும் சரி, உள்ளே 37 டிகிரி செல்சியஸ்தான். அந்தச் சூடு வெளியேறாமல் பிடித்து வைப்பதுதான் கம்பளியின் வேலை. பல்லி, ஓணான், பாம்பு, ஆமை இவற்றின் உடம்பில் அந்த அடுப்பு எரிவதில்லை. அதனால்தான் ஒரே எடையுள்ள பாலூட்டிக்கும் பல்லிக்கும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலை ஒப்பிட்டால், பல்லியின் செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். குறைந்த தீனியில் பிழைக்கலாம் என்பது அதன் வசதி. ஆனால் சூட்டை வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைப் போர்த்தி மூடினால், வெளியிலிருந்து வரவேண்டிய வெப்பத்தையும் சேர்த்துத் தடுத்தவர்களாவோம்.

பள்ளிப் புத்தகத்தில் 'குளிர் இரத்தப் பிராணி' என்று படித்திருப்போம். அந்தச் சொல் நம்மைத் திசைதிருப்பிவிட்டது. லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்கள் ஒரு நாள் நின்று பாருங்கள். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் ஓணான் ஒன்று மதில் மேலோ மரக்கிளையிலோ வந்து உட்காரும். உடம்பைத் தட்டையாக்கி, வெயில் முழுசாக முதுகில் விழும்படி திரும்பிக்கொள்ளும். போதிய சூடு ஏறியதும் இரைக்குக் கிளம்பும். உச்சி வெயிலில் நிழலுக்குள் போய்விடும். இப்படி வெயிலும் நிழலும் மாறி மாறிப் போய், உடம்பு வெப்பத்தைத் தனக்கு வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்கிறது. வெயில் காய்ந்து முடித்த ஓணானின் இரத்தம் நம் இரத்தத்தைப் போலவே வெதுவெதுப்பாக இருக்கும்.

பியர்டட் டிராகன் நம் ஓணானுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். கோபம் வந்தால் தொண்டையை உப்பிக் கருப்பாக்கி, முள் முள்ளாகத் தாடி போலக் காட்டும். அதனால் தாடி ஓணான் என்றே சொல்லலாம். செல்லப்பிராணியாக உலகெங்கும் இருப்பது பெரும்பாலும் பொகோனா விட்டிசெப்ஸ் என்ற இனம். 1926இல் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் இதற்கு அறிவியல் விவரணை எழுதினார். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். தலை முதல் வால் நுனி வரை அரை மீட்டர் அளவுக்கு வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அங்கே பகல் வெயில் பாறையைச் சுட்டெரிக்கும். குளிர்காலத்து இரவில் உறைநிலை வரைகூட இறங்கும். இரண்டையும் தாண்டி அது வாழ்வது எப்படி? கல் மேல் ஏறியும், நிழலுக்குள் இறங்கியும், மண்ணுக்குள் ஒதுங்கியும் இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால்தான்.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். தாடி ஓணானுக்குச் சூடு உண்டாக்கத் தெரியாது. சூட்டைத் தேடிப் போகத் தெரியும். அதற்கு இருக்கும் ஒரே திறமை அது. கண்ணாடிப் பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்தால் அந்தத் திறமையைப் பிடுங்கிக்கொண்டோம் என்று அர்த்தம். குளிரில் சாவது போலவே, ஒதுங்க இடமில்லாத சூட்டிலும் அது சாகும்.

"அக்கா, உங்க பழைய மாட வீதி வீட்டை நினைச்சுக்கோங்க. மொட்டைமாடி கொதிக்கும். முற்றத்துல இளஞ்சூடு. ரேழி எப்பவும் குளுகுளுன்னு இருக்கும். யாருக்கு எங்க வேணுமோ அங்க போய் உட்காருவோம். அந்தப் பெட்டியும் அப்படி இருக்கணும்."

வளர்ந்த ஒரு தாடி ஓணானுக்கு நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் உள்ள பெட்டி வேண்டும். ஒரு கோடியில் விளக்கு. விளக்குக்குக் கீழே அது ஏறி உட்காரும் கல்லோ கட்டையோதான் மொட்டைமாடி. அதன் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை இருக்க வேண்டும். எதிர்க்கோடிதான் ரேழி, அங்கே 24 முதல் 27 டிகிரி. நடுவில் படிப்படியாக இறங்கி வரும். இந்த இறக்கம் கிடைக்கத்தான் நீளமான பெட்டி. சின்னப் பெட்டியில் விளக்கைப் போட்டால் முழுக்கச் சூடாகிவிடும், ஒதுங்க இடம் இருக்காது.

டொராண்டோவில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்கும்படி வெப்பம் தர வேண்டும் என்பது நகராட்சி விதி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி என்றாலும் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்ட மனிதருக்கு 21 போதும். தாடி ஓணானின் ரேழிக்குக்கூட அது கொஞ்சம் குறைவு. ஆகவே பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். வாசல் கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று உள்ளே வரும். வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். அந்த ஊர் வீடுகளின் பேஸ்மென்ட் மேல்தளத்தைவிடக் குளிர்ந்திருக்கும். விளையாட்டுச் சாமான்களோடு அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவது வழக்கம், அதுவும் கூடாது. தரையில் வைக்காமல் மேஜை உயரத்தில் வைப்பது நல்லது. மேலே வலை மூடிய கண்ணாடித் தொட்டியில் சூடு மேலேறிப் போய்விடும். குளிர் நாட்டுக்கு முன்பக்கம் மட்டும் கண்ணாடி உள்ள மரப்பெட்டி நல்லது. கண்ணாடித் தொட்டிதான் இருக்கிறது என்றால், பின்னாலும் இரண்டு பக்கமும் வெளிப்புறமாகத் தெர்மோகோல் ஒட்டலாம். விளக்குப் பக்கம் மட்டும் அதை நெருங்க விடக்கூடாது.

சூடு கையால் தொட்டுப் பார்க்கும் விஷயம் இல்லை. கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு துப்பாக்கி போல நீட்டினார்களே, அதே வகையில் பொருள்களின் மேற்பரப்பு வெப்பத்தைக் காட்டும் கருவி இருக்கிறது. அதைக் கல்லுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். காற்றின் வெப்பத்துக்கு, கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு கோடியிலும் ஒவ்வொன்று. கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டர் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும்.

இரண்டாவது டம்ளர் டீ ஊற்றும்போது அக்கா கேட்டார்: "நம்ம ஊர்ல இடுப்பு வலிக்குப் போட்டுக்கற ஹீட்டிங் பேட் மாதிரி ஒண்ணைக் கீழே போட்டுட்டா?"

கூடாது. தாடி ஓணானின் இயல்பில் சூடு என்பது மேலிருந்து வெளிச்சத்தோடு சேர்ந்து வருவது. வெளிச்சம் தெரிந்தால் அங்கே போய் முதுகைக் காட்டும். வயிற்றுக்குக் கீழே ஒளியில்லாமல் ஏறும் சூட்டை அது சரியாக உணர்வதில்லை. தோல் வெந்துபோகிற வரை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். 'ஹாட் ராக்' என்று கடையில் விற்கும் மின்சாரக் கல்லால் வயிறு புண்ணான பிராணிகள் பல.

இன்னொன்றும் அக்காவுக்குச் சொன்னேன். தாடி ஓணானின் தலை உச்சியில், இரண்டு கண்ணுக்கும் சற்றுப் பின்னால், ஒரு செதிலில் சின்னப் புள்ளி தெரியும். அது மூன்றாவது கண். உருவம் பார்க்காது, வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலே ஒரு நிழல் விழுந்தால் பருந்து என்று பதறும். அதனால் தூக்கும்போது மேலிருந்து கையைக் கொண்டுபோகாமல் பக்கவாட்டிலிருந்து, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து எடுக்க வேண்டும். கபாலீஸ்வரரைத் தினமும் சேவிக்கும் அக்காவுக்கு மூன்றாவது கண் என்றதும் கை தானாகக் குவிந்தது.

ஆக, பகலுக்கு வெள்ளை ஒளி தரும் ஹாலோஜன் ஃபிளட் விளக்கு. அதன் வாட் எவ்வளவு என்பதை அறையின் குளிரும் பெட்டியின் உயரமும் தீர்மானிக்கும். கல்லின் சூட்டை அளந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடவே தெர்மோஸ்டாட் கட்டாயம், இட்ட அளவைத் தாண்டாமல் அது பார்த்துக்கொள்ளும். விளக்கைப் பிராணி எட்டித் தொடாதபடி கம்பி வலை வேண்டும்.

அடுத்தது ஜன்னல் வெயில். "அங்க பளீர்னு வெயில் அடிக்குமே டீச்சர், ஜன்னலோரமா வெச்சா?" என்றார் அக்கா.

வெயிலில் சூடும் வெளிச்சமும் தவிர புற ஊதா பி கதிர்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டால் அங்கே வைட்டமின் டி3யின் முன்வடிவம் உண்டாகும். அந்த முன்வடிவம் டி3 ஆக மாறுவதற்கு உடம்புச் சூடு வேண்டும். டி3 இருந்தால்தான் சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்து எலும்புக்குப் போகும். கதிர் மட்டும் இருந்து சூடு இல்லாவிட்டாலும், சூடு மட்டும் இருந்து கதிர் இல்லாவிட்டாலும் எலும்பு மெலியும். தாடை ரப்பர் மாதிரி ஆகும், கால் வளையும், நடுக்கம் வரும். வளர்ப்பவர்கள் அறியாமையால் வரவழைக்கும் நோய்களில் இது முக்கியமானது.

ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்துவிடும். போதாததற்கு, அந்த ஊரில் குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகரும். டொராண்டோவுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் பாஸ்டனில் மைக்கேல் ஹோலிக் குழுவினர் சோதித்து 1988இல் வெளியிட்ட முடிவு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை, வெட்டவெளி வெயிலில்கூட தோலில் அந்த முன்வடிவம் உருவாகவில்லை. ஆகவே புற ஊதா பி தரும் தனிக் குழல்விளக்கு வேண்டும். பெட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல், சூட்டு விளக்கு இருக்கும் பக்கமாக அது இருக்க வேண்டும். தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். குழல் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கதிர் மட்டும் வருஷத்துக்குள் குறைந்துவிடும். மாற்றிய தேதியைப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டச் சொன்னேன்.

தாடி ஓணானுக்குச் சூடு சுகத்துக்காக மட்டும் வேண்டியது இல்லை. சீரணமே சூட்டால்தான் நடக்கிறது. இளம் பிராணி பூச்சி அதிகம் தின்னும். வளர்ந்தது கீரை அதிகம் தின்னும். தின்றபின் உடம்பு குளிர்ந்துவிட்டால் குடல் நின்றுபோகும், உள்ளே இருப்பது அழுகத் தொடங்கும். ஆகவே காலையில் விளக்கு போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் காய்ந்த பிறகு தீனி. விளக்கை அணைக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே தீனியை நிறுத்திவிட வேண்டும். விளக்கு எரியாத நாளில் தீனியே வேண்டாம். "பட்டினி போடறதா?" என்று அக்கா பதறினார். குளிர்ந்த வயிற்றில் போடும் தீனியைவிடப் பட்டினி நல்லது.

இந்தப் பிராணியின் வாழ்க்கையில் வெப்பம் எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதற்கு இன்னொரு சான்று. முட்டை 32 டிகிரிக்கு மேல் அடைகாக்கப்பட்டால், மரபணுப்படி ஆணாகப் பிறக்க வேண்டிய குஞ்சு பெண்ணாகப் பிறப்பதுண்டு. சோதனைக்கூடத்தில் தெரிந்த இது காட்டிலும் நடக்கிறது என்று 2015இல் கிளேர் ஹாலலி குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆணா பெண்ணா என்பதையே மாற்றும் வெப்பத்தை நாம் ஏனோதானோ என்று வைக்க முடியாது.

இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். சிவப்பு விளக்கு அதன் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி விற்பார்கள். தெரியும், தூக்கம் கெடும். இரவில் 18 டிகிரிக்கு மேல் இருந்தால் தனிச் சூடு தேவையில்லை. அதற்குக் கீழே இறங்கும் அறையானால், ஒளியில்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டர் போடலாம். அது மிகவும் கொதிக்கும்; பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டரும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும்.

குளிர்காலத்தில் சில வளர்ந்த தாடி ஓணான்கள் தீனியைக் குறைத்து, இருட்டு மூலையில் வாரக்கணக்கில் தூங்கும். இது இயல்பான குளிர்கால ஓய்வு. ஆனால் நோய் வந்தாலும் இதே மாதிரிதான் சுருண்டு படுக்கும். எடை வேகமாக இறங்குவது, வாயில் நுரை, மூச்சில் சத்தம், வயிற்றுப்போக்கு இவற்றில் எது தெரிந்தாலும் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வாரம் ஒரு நாள் சமையல் தராசில் எடை பார்த்துக் குறித்து வைத்தால் குழப்பம் இருக்காது.

கடைசியாக, மின்வெட்டு. 2013 டிசம்பர் 20 தொடங்கி டொராண்டோவில் பனிமழை பெய்து, மரக்கிளைகள் கம்பிகள் மேல் முறிந்து விழுந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் மின் இணைப்புகள் இருண்டன. கிறிஸ்துமஸ் கடந்தும் சில பகுதிகளுக்கு மின்சாரம் வரவில்லை. அந்த ஊரில் மின்சாரம் போனால் வீட்டு ஹீட்டிங்கும் பெரும்பாலும் நின்றுவிடும்.

"அப்போ என்ன பண்றது?" என்றார் அக்கா. முதலில் பதற்றம் வேண்டாம். ஆரோக்கியமான வளர்ந்த தாடி ஓணான் ஓர் இரவு குளிர்ந்ததால் செத்துவிடாது, மந்தமாகும், அவ்வளவுதான். தெர்மோகோல் பெட்டி ஒன்றில் காற்றுக்கு ஓட்டை போட்டுத் தயாராக வைத்திருக்க வேண்டும். பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். மறுபக்கம் விலகிப்போக இடம் இருக்கட்டும். தண்ணீர் ஆற ஆற மாற்ற வேண்டும். வெந்நீர் கிடைக்காவிட்டால் நம் மடியிலும் நெஞ்சிலும் வைத்துக்கொள்ளலாம், நம் உடம்பில் 37 டிகிரி அடுப்பு அணையாமல் எரிகிறது. கரி அடுப்பு, ஜெனரேட்டர் எதையும் வீட்டுக்குள் மூட்டக்கூடாது. அவற்றின் புகையில் மணமில்லாத நஞ்சு இருக்கிறது, மனிதரையே கொல்லும். மருத்துவரிடம் தூக்கிப்போகும் நாளிலும் இதே பெட்டிதான். காரை முன்கூட்டியே சூடாக்கிவிட்டுப் புறப்பட வேண்டும்.

அக்கா தான் பின்னிய துண்டை எடுத்துப் பார்த்தார். "அப்போ இது வீண்தானா?"

"இல்லவே இல்ல அக்கா. அந்த வெந்நீர் பாட்டிலுக்கு இதைத்தான் சுத்தப்போறீங்க." பாட்டிலில் சூடு இருக்கிறது. கம்பளி அதைக் காப்பாற்றும். அங்கே கம்பளிக்கு வேலை உண்டு.

சென்னையிலும் சிலர் இதை வளர்க்க ஆசைப்படுகிறார்கள். நம் ஊரில் வெப்பத்துக்குக் குறைவில்லை. இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறையும் கடல் காற்றின் ஈரமும்தான் சிக்கல். வறண்ட நிலத்துப் பிராணிக்கு இந்த ஈரம் நுரையீரல் நோயைக் கொண்டுவரும். சட்டமும் இருக்கிறது. நட்சத்திர ஆமையையும் உடும்பையும் வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள அதே சட்டம், உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியா தன் காட்டு ஊர்வனவற்றை விற்பனைக்காக உயிரோடு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. எந்த வழியில் வந்தது என்று சொல்ல முடியாத பிராணியை, விலை மலிவு என்று வாங்காதீர்கள். குழந்தை கேட்டால் முதலில் கிண்டி பாம்புப் பண்ணைக்கும், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் கூட்டிப்போங்கள். அங்கே அவை எப்படி வெயிலுக்கு வருகின்றன, எப்போது நிழலுக்குப் போகின்றன என்று பொறுமையாக உட்கார்ந்து காட்டுங்கள்.

குளிர் நாட்டில் ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கும், அவர்கள் வீட்டுக்குப் போகும் பாட்டி தாத்தாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தினம் காலையில் மூன்று விஷயம் பாருங்கள்: மொட்டைமாடி 40ஐ ஒட்டி இருக்கிறதா, ரேழி 25ஐ ஒட்டி இருக்கிறதா, நடுவே அது தடையில்லாமல் நடந்து போக முடிகிறதா. வாங்கப்போகிறவர்கள் தங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பத்து வருஷம், ஒரு நாள் விடாமல், அதற்காக ஒரு சூரியனை ஏற்றி அணைக்க நம்மால் முடியுமா? முடியாது என்றால் வாங்க வேண்டாம்.